மறதியை அளந்த வரலாறு

நேயர்களே, மூணாற்று மலைகளில் ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருக்கும் ஒரு காலை நேரம். தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு மறந்துபோகிறார். சற்று முன் சொன்னதையே மறுபடியும் சொல்கிறார். காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்ட தம்பி இன்னும் வீடு திரும்பவில்லையே என்று மாலைதோறும் வாசலைப் பார்த்து நிற்கிறார். வைத்தியர் நல்லவர், பொறுமைசாலி. கேள்வித்தாள் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு மலையாளத்தில் கேட்கிறார்: "இது என்ன மாதம், அம்மா?" மூதாட்டி, "ஆடி" என்கிறார். தாளிலுள்ள விடை கர்க்கடகம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதந்தான். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அது எத்தனை பேருக்கு நினைவு வரும்? "இது எந்த ஜில்லா?" என்பது அடுத்த கேள்வி. "மூணாறு" என்கிறார் மூதாட்டி. அவர் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிய நாளில் இடுக்கி என்றொரு ஜில்லாவே கிடையாது. அது அமைந்தது 1972 ஜனவரி 26-ஆம் நாளில். "நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்" என்கிறார் வைத்தியர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத மூதாட்டி திகைத்து மருமகளின் முகத்தைப் பார்க்கிறார். ஆனால் இதே மூதாட்டி, பறித்த கொழுந்தின் எடையில் ஒரு கிலோவைக் கணக்குப்பிள்ளை குறைத்து எழுதினால் அக்கணமே கண்டுபிடித்துவிடுவார். முப்பது ஆண்டுகள் அப்படித்தான் கூலி வாங்கியிருக்கிறார்.

தாளில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அளக்கப்பட்டது எது? மூதாட்டியின் மறதியா, படிப்பின்மையா, அவருடைய மொழியா? உலகெங்கும் வைத்திய அறிஞர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள். அம்முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு. அதைத்தான் இன்று சொல்ல நினைக்கிறேன்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நேயர்களுக்கு இந்த எல்லைப்புறத்தைச் சற்று நினைவூட்ட வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கோபாலபுரம் வழியாகவோ, கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ மேற்கே சென்றால் பாலக்காடு ஜில்லாவின் சிற்றூர்த் தாலுகா வருகிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஆகிய ஊர்களில் வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். சிற்றூர் முற்காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த பாலக்காடோ சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. தெற்கே, இடுக்கி ஜில்லாவின் கதை வேறு. மறையூர், காந்தளூர், வட்டவடை போன்ற ஊர்களில் தமிழ் பேசும் உழவர்கள் தோட்டங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே குடியேறியிருந்தனர். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாற்று மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின்னர், காடு திருத்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிகள் வழியாக மக்கள் மலையேறினர். பீர்மேட்டிலும் உடும்பஞ்சோலையிலும் தேயிலையும் ஏலமும் இப்படித்தான் வளர்ந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக ராஜ்யங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இணைந்தன. அதற்கு முன் நடந்த கிளர்ச்சிகள் நேயர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றை இங்கே விவரிக்க நான் புகவில்லை.

ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். 1969-இல் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று இடம் தந்தது. கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் நிலவரி பற்றித் தமிழில் மனு எழுதலாம். ஆனால் அவருடைய தாயாருக்கு அறிவு தடுமாறுகிறதா என்று ஒரு வைத்தியர் பார்க்கும்போது, எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கக்கூடியதன்று. அது அந்த அறையில் இருப்பவர்களின் பொறுப்பு.

முதுமையில் புத்தி தடுமாறுவது நம் முன்னோர் அறியாததன்று. யாழ்ப்பாணத்தார் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பர். நம் ஊர்களில் "குழந்தையாகிவிட்டார்" என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். கேரளத்தில் இதற்கு வழங்கும் பேச்சுவழக்குச் சொல் 'சின்னன்' என்பது. தமிழர்க்கு அதை விளக்கவே வேண்டாம். முதியவர் சின்னவர் ஆகிவிட்டார், அவ்வளவுதான். இந்தச் சொற்களில் கனிவு இருக்கிறது, ஏளனம் குறைவு. எனினும் இவற்றால் ஒரு தீங்கும் விளைந்தது. குழந்தையாவது வயதின் இயல்பு என்றால், அதற்கு வைத்தியரிடம் போவானேன்? திருச்சூரில் டாக்டர் கே. எஸ். ஷாஜியும் அவருடைய குழுவினரும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பங்களிடையே ஆராய்ந்தபோது, பலர் இதை நோயாகவே எண்ணாமல் முதுமையோடு சேர்த்துவிடுவதைக் கண்டனர். சிலர் இன்னும் ஒருபடி போய், பெரியவர் வேண்டுமென்றே முரண்டு செய்கிறார் என்று வருந்தினர். கனிவான சொல் இருந்தும், கவனிப்பவர் மனத்தில் கசப்பு தங்கிவிட்டது.

மேனாட்டில் இதை நோயென்று தனியே பிரித்துக் காட்டியவர் அல்ஸைமர். ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1901 நவம்பரில் 51 வயதான அவுகுஸ்தே டெட்டர் என்னும் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அல்ஸைமர் அவரிடம் நாள்தோறும் எளிய கேள்விகளைக் கேட்டார்: பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, இப்போது என்ன உண்கிறீர்கள்? விடைகளை அப்படியே எழுதி வைத்தார். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபின் மூளையை நுண்ணாடியில் ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் உரை நிகழ்த்தினார். அவையினர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1910-இல் கிரேப்பெலின் தம் பாடநூலில் இதற்கு 'அல்ஸைமர் நோய்' என்று பெயர் சூட்டினார். ஆனால் அது நடுவயதினரைப் பற்றும் அரிய நோய் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. முதியோரின் தடுமாற்றமும் பெரும்பாலும் அதே நோய்தான் என்று 1976-இல் ராபர்ட் காட்ஸ்மன் வற்புறுத்தி எழுதிய பிறகே உலகம் விழித்தது. ஒரு பெண்மணியைப் பற்றிய குறிப்பிலிருந்து கோடிக்கணக்கான முதியவர்களின் கதைக்கு வர எழுபது ஆண்டுகள் பிடித்தன.

இனி, அளவுகோலுக்கு வருவோம். 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும், சூசன் ஃபோல்ஸ்டீனும், பால் மெக்ஹியூவும் ஒரு சிறு பரீட்சையை அமைத்தனர். மொத்தம் 30 மதிப்பெண். பத்து நிமிஷ வேலை. ஆண்டு, பருவம், மாதம், தேதி, கிழமை, இருக்கும் மாநிலம், ஊர், ஆஸ்பத்திரி, மாடி, மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்தல், ஏழேழாகக் கழித்தல், பென்சிலையும் கடிகாரத்தையும் பெயர் சொல்லுதல், எழுதிக் காட்டியதைப் படித்து அதன்படி செய்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல். 24-க்குக் குறைந்தால் சந்தேகம் என்பது வழக்கமான கணக்கு. எளிமையால் இது உலகெங்கும் பரவியது. கத்திக்கு உறை எப்படியோ, அப்படி ஒவ்வொரு நரம்பு வைத்தியரின் சட்டைப் பையிலும் இது தங்கிவிட்டது.

ஆனால் இதை ஆக்கியவர்கள் மனக்கண்முன் நின்றவர், பள்ளியில் படித்த, மாடிக்கட்டடத்தில் வாழும், நாட்காட்டி பார்த்து நாள் கழிக்கும் மனிதர். லயத்தில் மாடி ஏது? தோட்டத்துக் காலம் சங்கொலியிலும் பெரட்டிலும், அதாவது காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் கூட்டத்திலும், அடங்கியிருக்கிறது. தேதியை அறியவேண்டியவர் கணக்குப்பிள்ளை. பென்சிலே பிடித்திராத கை ஐங்கோணத்தை எப்படி வரையும்? படிக்கத் தெரியாதவருக்குப் படிக்கும் கேள்வியிலும் எழுதும் கேள்வியிலும் மதிப்பெண் போய்விடும். மறதி வருமுன்னரே அவர் மறதிக்காரர் ஆகிவிடுவார்!

இந்த இடரை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஹரியானாவில் பல்லப்கட் என்னும் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பணிசெய்த இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். டாக்டர் மேரி கங்குலி, டாக்டர் விஜய் சந்திரா முதலியோர் அங்கே கண்ட முதியவர்களில் மிகப் பலர் எழுத்தறியாதவர்கள். எனவே ஃபோல்ஸ்டீன் பரீட்சையை வெறுமே மொழிபெயர்ப்பதால் பயனில்லை என்று முடிவு செய்து, கேள்வியின் நோக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடலை மாற்றினார்கள். 1995-இல் இந்த இந்திப் பரீட்சை வெளியாயிற்று. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழித்தல். தாளில் எழுதியதைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில், "என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கேட்பவர் தாமே கண்ணை மூடிக் காட்டுதல். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் தம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுதல். ஆங்கிலத்தில் நாக்கைத் தடுமாறவைக்கும் ஒரு சொற்றொடரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதை மொழிபெயர்த்தால் வெறும் பொருளே எஞ்சும், தடுமாற்றம் எஞ்சாது. ஆகவே 'இதுவுமில்லை, அதுவுமில்லை' என்ற பொருளுள்ள இந்தித் தொடரை வைத்தார்கள். சிறிய மாற்றங்கள்தாம். ஆனால் பரீட்சை எழுதுபவரைக் குறை சொல்லாமல் பரீட்சையையே குறை சொல்ல முன்வந்தார்கள் பாருங்கள், அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

பல்லப்கட்டில் கிடைத்த முடிவு வியப்பூட்டியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 1.36 பேருக்கே டிமென்ஷியா இருந்தது. உலகில் அதுவரை கண்ட மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. தென்னாட்டிலோ கணக்கு வேறாக இருந்தது. எர்ணாகுளம் ஜில்லாவின் கிராமப் பகுதி ஒன்றில் டாக்டர் எஸ். ஷாஜி முதலியோர் வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்குச் சற்று மேல். (இவர் வேறு, மேலே சொன்ன திருச்சூர் ஷாஜி வேறு, பெயரொற்றுமையால் பலர் குழம்புவதுண்டு.) சென்னையை அடுத்த திருப்போரூரில் டாக்டர் ராஜ்குமார், டாக்டர் தாரா முதலியோர் 1997-இல் கண்ட அளவு மூன்றரை. வடக்கே உண்மையிலேயே நோய் குறைவா, அல்லது அளக்கும் முறையில் வேறுபாடா? கேள்வி அந்தரத்தில் நின்றது.

இதற்கிடையே பாலக்காட்டுக்கு அடுத்த திருச்சூர் ஜில்லாவில், குன்னங்குளத்தில், ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. டாக்டர் ஜேக்கப் ராய் குரியகோஸ் 1992-இல் அல்ஸைமர் நோய்க்கும் அதைச் சார்ந்த கோளாறுகளுக்குமான இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய நகரம் எதிலும் அல்லாமல் ஒரு சிற்றூரில் தோன்றிய இச்சங்கம் உலக அல்ஸைமர் அமைப்பில் உறுப்பாயிற்று. 1998-இல் அவ்வமைப்பின் மாநாடு கொச்சியில் கூடியது. அங்கேதான் '10/66' என்ற விசித்திரமான பெயரோடு ஓர் ஆராய்ச்சிக் குழு பிறந்தது. டிமென்ஷியாவால் வாடுவோரில் 66 சதவிகிதத்தினர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவிகிதங்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்பதே அப்பெயரின் பொருள்.

இக்குழு இரண்டு கால்களில் நின்றது. முதியவரைக் கேட்பது ஒன்று. அவரோடு வாழ்பவரைக் கேட்பது மற்றொன்று. கனடாவின் கிரீ பழங்குடியினரிடையிலும், நைஜீரியாவின் இபாதான் நகரத்து யொரூபா மக்களிடையிலும் ஹ்யூ ஹெண்ட்ரி, காத்லீன் ஹால் முதலியோர் 1990-களில் பயன்படுத்திய முறையைத் தழுவியது இது. முதியவர் தேதியைத் தவறாகச் சொல்லட்டும்; பரவாயில்லை. ஆனால் முன்பு திறமையாகச் செய்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா, பழகிய தெருவில் வழி தப்புகிறதா, வீட்டாரின் பெயரை மாற்றிச் சொல்கிறாரா என்று வீட்டாரைக் கேட்டால், படிப்பு குறுக்கே வராது. ஒருவரை உலகத்துச் சராசரியோடு ஒப்பிடாமல், நேற்றைய அவரோடு இன்றைய அவரை ஒப்பிடும் முறை இது. 2003-இல் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய இடங்களில் 25 நிலையங்களில் சோதித்துப் பார்த்து, படித்தவர் படியாதவர் இருசாரார்க்கும் இது ஏற்றது என்று கண்டார்கள்.

அதன் பின்னர் சென்னை நகரத்திலும் வேலூரைச் சார்ந்த கிராமங்களிலும் தமிழிலேயே கேள்விகள் கேட்டு ஆராய்ச்சி நடந்தது. 2008-இல் வெளியான முடிவு நெடிய சர்ச்சைக்கு விடையளித்தது எனலாம். அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் வழக்கமான இலக்கணப்படி பார்த்தால், இந்தியக் கிராமப்புறத்தில் டிமென்ஷியா நூற்றுக்கு 0.3 தான்! ஆயிரம் முதியவருக்கு மூவர். ஆனால் 10/66 குழுவின் முறைப்படி பார்த்தபோது, ஆராய்ந்த நாடுகள் எவற்றிலும் நூற்றுக்கு 5.6-க்குக் கீழே இறங்கவில்லை. ஒரே கிராமம், அதே முதியவர்கள். எப்படி இவ்வளவு வேறுபாடு?

இங்கேதான் நம் குடும்ப வாழ்வு ஆராய்ச்சியில் வந்து நுழைகிறது. வழக்கமான இலக்கணம், முதியவரின் அன்றாட வாழ்வு கெட்டிருக்க வேண்டும் என்று கோருகிறது. தனியே வாழும் ஆங்கிலேய மூதாட்டி மறதியால் பணத்தைத் தொலைத்தால், அன்றே அவருடைய வாழ்வு கெடும். நம் வீட்டிலோ பாட்டியின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து எப்போதோ மருமகளிடம் போய்விட்டது. சமையலை அவள் பார்க்கிறாள். ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். வெற்றிலைப் பெட்டி மட்டும் பாட்டியிடம் மிஞ்சுகிறது. அறிவு பாதி கழன்ற பின்னும் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. "உங்கள் மாமியாருக்கு ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது" என்பதே மருமகளின் விடை. அது பொய்யன்று, அவள் கண்ட உண்மை அதுதான். நம் குடும்பத்தின் அணைப்பே நோயை மறைக்கும் திரையும் ஆகிறது.

படியாதவர் தோற்கிறார் என்று மட்டும் சொல்லிவந்தேன். மறுபக்கமும் உண்டு. குமாஸ்தாவாக நாற்பது ஆண்டு பேரேடு எழுதிய பெரியவர், முப்பதுக்கு இருபத்தெட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தம் வீட்டுக்குப் போகும் பஸ் எது என்று தெரியாமல் நிற்கக்கூடும். படிப்பு அவருக்குக் கவசமாக நின்று பரீட்சையை ஏமாற்றிவிடுகிறது. வெளிமாநிலங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவரில் இத்தகையோர் பலர் இருக்கக்கூடும்.

கேரளத்தில் மலையாள மொழிக்கென நுட்பமான பரீட்சைகளை ஆக்குவதில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய நிலையத்து டாக்டர் பி. எஸ். மதுரநாத் முன்னோடி. கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹாட்ஜஸோடு சேர்ந்து 2000-இல் ஆங்கிலத்தில் தாம் வெளியிட்ட பரீட்சையை, 2004-இல் மலையாளத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் முயற்சியில் பின்னர் ஒரு பொதுப் பரீட்சைத் தொகுதி உருவாயிற்று. இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகளில் முதலில் அமைந்தது அது. மலையாளத்துக்கு இருப்பது எல்லைக்கு இப்பால் உள்ள தமிழருக்குப் போதாதா என்று கேட்கலாம். போதாது. கொழிஞ்சாம்பாறைப் பெரியவருக்கு மலையாளம் சரளமாக வரும். சந்தையில் பேரம் பேசுவார், பஞ்சாயத்தில் வாதாடுவார். ஆனால் ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்வீர்கள் என்றால், பெயர்கள் தமிழிலேயே ஊறி வரும். மூளை தளரும்போது பலரிடம் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுகிறது. தாய்மொழி நெடுநாள் தங்குகிறது. நோய் முற்ற முற்ற, மலையாளத் தாள் அவரை மேலும் மேலும் கீழே தள்ளும். தமிழில் ஒரு முறை கேட்டுப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். தமிழ்த் தாள் இல்லாமலில்லை. சென்னையிலும் வேலூரிலும் அது புழங்கியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ள மேசைக்கு அதைக் கொண்டுசெல்ல வேண்டும், அவ்வளவே.

இரு மொழி பேசுவதால் இந்த எல்லைப்புறத்தாருக்கு ஒரு நன்மையும் உண்டாம். ஹைதராபாத் நிஜாம் வைத்திய நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். இரண்டு மொழி பேசுபவர்க்கு ஒரு மொழி மட்டும் பேசுபவரைவிட ஏறத்தாழ நாலரை ஆண்டு தாமதித்தே நோய் தலைகாட்டியது என்றும், பள்ளி செல்லாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது என்றும் கூறினார்கள். இதை ஒப்பாத ஆராய்ச்சிகளும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் காலையில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசிய ஒரு வாழ்க்கை வீண்போகவில்லை என்று நினைக்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

இன்றைய கணக்கு என்ன? நாடு முழுதும் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2023-இல் வந்தது. 60 வயதைக் கடந்த இந்தியரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் மக்களுக்கு, டிமென்ஷியா உண்டென்று அது மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் மிகுதி. பல்லப்கட் கிராமத்துக்காக ஆக்கிய அந்தப் பழைய கேள்விகள் இதிலும் இடம்பெற்றிருந்தன.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது? மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொனெபசில் முதலிய மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கின்றன, நோயை நிறுத்துவதில்லை. 2023-இல் அங்கே முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்னும் ஊசிமருந்து ஆரம்ப நிலையிலுள்ளோரின் வீழ்ச்சியைச் சற்று மெதுவாக்குகிறது. செலவும் கண்காணிப்பும் மிகுதி. லயத்து மூதாட்டிக்கு அது எட்டாக் கனி.

எட்டும் கனிகள் வேறு உண்டு. மறதி எல்லாமே டிமென்ஷியா அன்று. தைராய்டுச் சுரப்பு குறைந்தாலும், பி12 என்னும் வைட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டு இரத்தம் கட்டினாலும், தூக்க மாத்திரை மிஞ்சினாலும் புத்தி மங்கும்; சிகிச்சை செய்தால் பலருக்குத் தெளியும். இரண்டே நாளில் திடீரென்று வந்த குழப்பம் பெரும்பாலும் காய்ச்சலாலோ சிறுநீர்த் தொற்றாலோ வந்ததாயிருக்கும். அதற்கு உடனே வைத்தியம் வேண்டும். காது கேளாதவர் கேள்விக்குத் தவறாக விடை சொன்னால் அதை மறதி என்று எழுதிவிடக் கூடாது.

கண்டறிவதற்கு நிபுணர்களே வேண்டுமென்பதில்லை என்றும் திருச்சூர் காட்டியிருக்கிறது. டாக்டர் கே. எஸ். ஷாஜியின் குழுவினர் ஊர்ச் சுகாதார ஊழியர்களுக்குச் சில மணி நேரமே பயிற்சி தந்து, தம் வட்டாரத்தில் யாருக்கு இந்நோய் இருக்கலாம் என்று சொல்லச் செய்தார்கள். 2002-இல் எழுதிய முடிவின்படி, அவர்கள் சுட்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நோய் இருந்தது உறுதியாயிற்று. பராமரிப்புக்குக் கோவா வழி காட்டியது: பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு தேடிச் சென்று, கவனிப்பவர்க்கு ஆலோசனையும் ஆறுதலும் தந்தபோது அவர்களுடைய மனவேதனை குறைந்ததென்று 2008-இல் டாக்டர் அமித் டயஸ் முதலியோர் எழுதினர். கேரளத்திலோ 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் 2008-இல் அரசின் கொள்கையாகி, பஞ்சாயத்துகளின் வழியே படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பியது. நோய் முற்றிய முதியவருக்கு அந்த வருகை பெரும் துணை.

தோட்டத்து முதியவருக்கு மட்டும் ஒரு தனித் துயரம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலைசெய்தால் அங்கேயே தங்கலாம், இல்லையேல் மலையிறங்க வேண்டும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், தாத்தாவின் ஊர் என்று கேள்விப்பட்ட ஊருக்கு அறுபது வயதில் போய்ச் சேர்கிறார். மறதி தொடங்கியவருக்குப் பழகிய படி, பழகிய அடுப்பு, பழகிய குரல் ஆகியவையே ஊன்றுகோல். அந்த ஊன்றுகோல் பறிக்கப்படுகிறது. தாயை ஊரிலிருந்து மும்பைக்கோ பெங்களூருக்கோ அழைத்துச் செல்லும் மகனும் நல்லெண்ணத்தோடு இதையே செய்கிறான். வந்த சில வாரங்களில் அம்மா திடீரென்று மோசமாகிவிட்டாள் என்று அவன் கலங்குகிறான். ஊரில் இருந்தபோதே தொடங்கிய தடுமாற்றத்தை, ஐம்பது ஆண்டுப் பழக்கம் மூடி வைத்திருந்தது. ஒன்பதாம் மாடியில் அந்த மூடி இல்லை. பக்கத்து வீட்டாரோடு பேச மொழியும் இல்லை. அழைத்துவராமல் இருக்க முடியாத நிலை பலருக்கும் உண்டு. அதை நான் அறிவேன். அழைத்து வருவதானால் அவருடைய பாயும், பூஜைப் படமும், கைக்குப் பழகிய செம்பும் கூடவே வரட்டும். சாப்பாட்டு வேளையும் உறங்கும் வேளையும் ஊரில் இருந்தபடியே இருக்கட்டும். தினமும் ஒரு பொழுதாவது தமிழில் பேச யாராவது இருக்கட்டும்.

அந்த நகரத்து வைத்தியர் இந்தியிலோ கன்னடத்திலோ கேட்பார். தேவிகுளத்து மூதாட்டியின் நிலைதான் அங்கும். ஆகையால் போகுமுன் வீட்டில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேலையை ஓராண்டுக்கு முன் செய்தார், இப்போது செய்ய முடியவில்லை, எப்போது முதன்முதலாகக் கவனித்தீர்கள், படிப்படியாக வந்ததா, ஒரு நாளில் வந்ததா, எத்தனையாம் வகுப்பு வரை படித்தார், எந்த மொழியில் எண்ணுகிறார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வருஷத்துக்கு இருமுறை பார்க்கும் மகன் போவதைவிட, கூடவே வாழும் மருமகளோ, பேத்தியோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளோ உடன் போவது நல்லது. கேள்வியைத் தமிழில் சொல்ல வைத்தியரிடம் அனுமதி கேளுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். அம்மா "ஆடி" என்று சொன்னால், அது சரியான விடைதான் என்று வைத்தியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.